செங்கோலைக் கொடுப்பது யார்?
பிற்கால இடைக்காலத் தமிழகத்தில் ஆட்சியுரிமை: ஆய்வுகள் வந்த வழி

1429ஆம் ஆண்டு. விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயர் ஆட்சி. காவிரிப் படுகையிலும் விருத்தாசலம் வட்டாரத்திலும் வலங்கை 98, இடங்கை 98 சாதியார் ஒன்றுகூடி எடுத்த முடிவுகளைக் கோயில் சுவர்களில் வெட்டிவைத்தார்கள். அரசு அதிகாரிகளும் நிலத்துக்கு உரிமையுள்ள காணியாளர்களும் கைகோத்துக்கொண்டு முறையற்ற வரி கேட்டால் கொடுப்பதில்லை. அவர்களுக்குக் கணக்கு எழுதுவதில்லை. மீறி உடன்போகிறவன் நாட்டுக்குத் துரோகி, அவனைக் குத்திக் கொல்லலாம் என்பது வரை அந்த முடிவுகள் போகின்றன. வரி தாங்காமல் ஊரைவிட்டு ஓட இருந்தோம், நாம் ஒன்றுபடாமல் இருந்ததால்தான் இந்த அநியாயம் நடந்தது என்று இப்போது உணர்கிறோம், இனி விளைச்சலுக்கு ஏற்ற நியாயமான வரியை மட்டுமே கட்டுவோம் என்று கொறுக்கை ஊரின் இன்னொரு கல்வெட்டு பேசுகிறது.

இதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், 1324இல், இத்தாலியின் பாதுவா நகரத்து மார்சீலியஸ் ஒரு நூலை எழுதி முடித்தார். போப்பாண்டவருக்கு உலகியல் அதிகாரம் இல்லை, சட்டம் செய்யும் உரிமை குடிமக்கள் சமூகத்திலிருந்தே பிறக்கிறது என்று அதில் வாதாடினார். உலகெங்கும் அரசியல் சிந்தனை வரலாற்று வகுப்புகளில் அந்த நூல் பாடமாக இருக்கிறது. கொறுக்கைக் கல்வெட்டோ வரிவிகிதம் பற்றிய சான்றாக மட்டுமே அடிக்குறிப்புகளில் நிற்கிறது. ஆள்பவனுக்கு எதுவரை உரிமை, குடிகளுக்கு எங்கிருந்து மறுக்கும் உரிமை என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன தமிழர்கள் அதை வெட்டிவைத்தவர்கள். தென்னிந்திய ஆட்சியுரிமை பற்றிய நூறாண்டு ஆய்வை அந்தச் சுவரின் பக்கத்தில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னை தொடங்கிவைத்த பணி

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது சென்னைப் பல்கலைக்கழகம். எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1919இல் விஜயநகர வரலாற்று மூலங்களைத் தொகுத்தார். சமஸ்கிருத, தெலுங்கு, தமிழ் இலக்கியங்களிலிருந்து அரசியல் செய்திகளைத் தேடியெடுத்து ஒரே நூலாக வைத்தது அதுவரை யாரும் செய்யாத வேலை. ஆர். சத்தியநாதையரின் மதுரை நாயக்கர் வரலாறு 1924இல் வந்தது. வி. விருத்தகிரீசன் எழுதிய தஞ்சை நாயக்கர் வரலாற்றை 1942இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நீலகண்ட சாஸ்திரியும் டி. வி. மகாலிங்கமும் நிர்வாக அமைப்பை விரித்து எழுதினார்கள்.

இவர்கள் பார்வையில் விஜயநகரம் தர்மத்தைக் காக்க எழுந்த பேரரசு. அதற்கு மூலங்களில் ஆதாரமும் இருக்கிறது. மதுரை சுல்தானகத்தை வென்ற குமார கம்பணனைப் பற்றி அவன் மனைவி கங்காதேவி சமஸ்கிருதத்தில் ஒரு காவியம் எழுதினாள். அதில் ஒரு பெண் தோன்றிப் பாண்டியர்களின் தெய்வீக வாளைக் கம்பணன் கையில் கொடுக்கிறாள். படையெடுத்து வந்த கன்னட நாட்டு இளவரசன் அந்த வாளை வாங்கியதும் பாண்டியருக்கு வாரிசாகிறான். 1371இல் கோபணார்யர் திருவரங்கத்துப் பெருமாளைத் திரும்ப எழுந்தருளச் செய்ததும் கோயிலில் கல்வெட்டாக நிற்கிறது. வென்றவன் ஆளத் தகுதியானவன் ஆவதற்கு வெற்றி மட்டும் போதவில்லை. அந்த மண்ணின் தெய்வமும் பழைய அரசகுலமும் அவனை ஏற்றதாகக் காட்ட வேண்டியிருந்தது. முதல் தலைமுறை ஆய்வாளர்கள் இச்செய்திகளை நமக்குத் தந்தார்கள். அந்த ஏற்பு எப்படி நடந்தது, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர்கள் பின்னால் வந்தார்கள்.

முதல் மரியாதை

1980இல் பர்ட்டன் ஸ்டைன் வெளியிட்ட நூல் துறையையே உலுக்கியது. சோழ, விஜயநகர அரசுகளை எல்லாம் தலைநகரிலிருந்து ஆட்டிவைக்கப்பட்ட இயந்திரங்களாகப் பார்ப்பது தவறு என்றார். நாடு எனப்பட்ட ஊர்த்தொகுதிகள் தங்களைத் தாங்களே நடத்திக்கொண்டன, அரசனுக்கு அவற்றின்மீது இருந்தது பெரும்பாலும் சடங்கு சார்ந்த தலைமை என்பது அவர் வாதம். ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றி மானிடவியலாளர் ஐடன் சவுத்தால் உருவாக்கிய கருத்தை இங்கே பொருத்திப் பார்த்தார். ஆர். சம்பகலட்சுமி போன்றவர்கள் அதைக் கல்வெட்டு ஆதாரங்களோடு எதிர்த்தார்கள். அந்த விவாதம் இன்றுவரை தீரவில்லை. ஆனால் ஊரும் நாடும் அரசியல் சிந்தனையின் களங்கள் என்பதை அதற்குப் பிறகு யாராலும் ஒதுக்க முடியவில்லை.

அர்ஜுன் அப்பாதுரை எடுத்துக்கொண்டது திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில். 1981இல் வந்த அவருடைய நூலும், கரோல் பிரெக்கன்ரிட்ஜுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையும் கோயிலை அதிகாரம் பங்கிடப்படும் இடமாகக் காட்டின. தெய்வமே அங்கே அரசர். அவருக்குப் படைக்கப்படுவது பிரசாதமாக, பரிவட்டமாக, தீர்த்தமாகத் திரும்பி வருகிறது. யார் கைக்கு முதலில் வருகிறது என்பதில்தான் ஊரின் வரிசைமுறை இருக்கிறது. மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ முதல் மரியாதைக்காக நடக்கும் வழக்குகளை நாம் கௌரவப் பிரச்சினை என்று கடந்துபோகிறோம். விஜயநகர அரசர்கள் கோயிலுக்குக் கொடையளித்து, அங்கே மரியாதை பெற்று, சமயத் தலைவர்கள் வழியாகப் புதிய பகுதிகளில் காலூன்றிய முறையின் தொடர்ச்சி அது.

நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் புதுக்கோட்டையைப் பற்றி எழுதிய 'தி ஹாலோ கிரவுன்' இதே இழையை அரண்மனை வரை நீட்டியது. தொண்டைமான்கள் இனாம் நிலமும் பட்டமும் விருதும் கொடுத்து ஆண்டார்கள். கொடுக்கும் உரிமையே ஆளும் உரிமை. பிரிட்டிஷ் ஆட்சி அந்த உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டபோது கிரீடம் மிஞ்சியது, உள்ளடக்கம் போனது என்றார் டர்க்ஸ். நான் வசிக்கும் ராஜா அண்ணாமலைபுரத்தின் பெயருக்கும் இதில் இடமுண்டு. 1929இல் ஆங்கில அரசு அண்ணாமலைச் செட்டியாருக்கு வழிவழியாக வரும் 'செட்டிநாட்டு ராஜா' பட்டத்தை வழங்கியது. விஜயநகர ராயரிடமிருந்து நாயக்கரும், நாயக்கரிடமிருந்து பாளையக்காரரும் பட்டம் பெற்ற வழக்கத்தை லண்டன் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டத்துக்குச் சென்னை மக்கள் மதிப்புக் கொடுத்ததற்குக் காரணம், அவர் அதே ஆண்டு சிதம்பரத்தில் தொடங்கிய பல்கலைக்கழகம் போன்ற கொடைகள். அதிலும் பழைய இலக்கணம் உயிரோடு இருந்தது.

நாயக்கர்களின் புதிய துணிவு

வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் சேர்ந்து 1992இல் எழுதிய நாயக்கர் கால ஆய்வு வேறு திசையில் சென்றது. சூரிய, சந்திர குலங்களைத் தேடிப்போகாமல், திருமாலின் திருவடியில் பிறந்த நான்காம் வருணத்தவர் நாங்கள், கங்கையும் அங்கேதான் பிறந்தாள் என்று பெருமையோடு சொன்ன அரசர்களை அவர்கள் அடையாளம் காட்டினார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரின் அவையில் அரசரும் தெய்வமும் ஒருவருக்குள் ஒருவர் கரைகிறார்கள். மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரும் அவருடைய முன்னோரும் தூண்களில் ஆளுயரத்துக்கு மேலான சிற்பங்களாக நிற்பதை இந்த ஆய்வைப் படித்துவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். சோழர் கோயில்களில் அரசனின் உருவத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இங்கே தொந்தியும் நகையும் கூப்பிய கையுமாக அரசர் வரிசையே கோயிலுக்குள் வந்துவிட்டது.

அதே மதுரையில் அதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மனுக்குப் பட்டாபிஷேகம் நடந்து செங்கோல் வழங்கப்படும். அம்மனின் சார்பில் அதைக் கையில் வாங்கி வருகிறவர் இன்று கோயில் நிர்வாகத்தின் தலைமையில் இருப்பவர். நாயக்கர் காலத்தில் அந்த இடம் அரசருடையது. ஆட்சி அவளுடையது, நடத்துவது மட்டும் இவருடையது. ஆண்டுதோறும் வாங்க வேண்டியிருந்த அதிகாரம் அது.

எழுத்தில் அரசநீதி இல்லாமல் இல்லை. கிருஷ்ணதேவராயர் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் பாடிய 'ஆமுக்தமால்யதா'வில், யாமுனாசாரியர் தம் மகனுக்குச் சொல்லும் அறிவுரையாக ஒரு முழு அரசியல் பாடமே இருக்கிறது. நாராயண ராவும் சுப்ரமணியமும் 2009இல் எழுதிய கட்டுரையில், தர்மசாஸ்திரத்திலிருந்து விலகி நடைமுறை அரசியலைப் பேசிய நீதிநூல் மரபு ஒன்று தெலுங்கில் வளர்ந்ததை நிறுவினார்கள். இந்தியர்களுக்கு அரசியல் சிந்தனை இருந்ததில்லை என்ற பழைய எண்ணத்துக்கு அது தக்க பதில்.

பட்டமும் பலமும் ஒரே கையில் இல்லாத காலங்கள் இந்தச் சிந்தனைக்குச் சோதனையாக அமைந்தன. 1542க்குப் பிறகு அரியணையில் இருந்தவர் சதாசிவராயர், ஆண்டவர் ராமராயர். உரிய அரசரை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மக்களுக்குக் காட்டினார்கள் என்று வெனிஸ் வணிகர் சீசர் பிரெடெரிசி எழுதினார். 1558இல் சாந்தோம்மீது படையோடு வந்து போர்த்துக்கீசியரிடம் பணம் வசூலித்தவரும் இந்த ராமராயர்தான். சென்னை பிறந்ததே இப்படியொரு குழப்பத்தில். 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கொடுத்தார். அவருக்கு மேலே ஒருவர் இருந்ததால் 1645இல் மூன்றாம் ஸ்ரீரங்கராயரிடமும் ஒரு சாசனம் வாங்க வேண்டியிருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா வந்தபோது அவரிடமும் உறுதி கேட்டார்கள். பத்தாண்டுகூட ஆகாத காலத்தில் ஒரே கடற்கரைக்கு மூன்று அதிகாரங்களின் ஒப்புதல். கோட்டையும் துப்பாக்கியும் வைத்திருந்தவர்களுக்கும் உரிமையைக் கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார்.

சுவரில் நிற்கும் மறுப்பு

இத்தனை ஆய்வுகளும் பெரும்பாலும் கொடுப்பவர் பக்கத்திலிருந்தே அதிகாரத்தைப் பார்த்தன. ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி, சொல் சொல்லாக எண்ணிப் படித்தார்கள். நாயக்கர்களின் ஆட்சிமுறையான நாயக்கத்தனம் எப்படி வேரூன்றியது, நிலம் யார் கைக்கு மாறியது, 1429இல் எழுந்தவர்கள் யார், யாரை எதிர்த்தார்கள் என்பதெல்லாம் அதனால் தெளிந்தது. உழுதவரும் நெய்தவரும் கைவினைஞரும் தங்களுக்குள் இருந்த வலங்கை, இடங்கைப் பகையை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றாக நின்ற அரிய தருணம் அது. அரசும் அதைக் காதில் வாங்கி வரிகளை ஒழுங்குபடுத்த முன்வந்தது.

கோயில் சுவரை அவர்கள் தேர்ந்தெடுத்ததில் ஆழ்ந்த அரசியல் அறிவு இருக்கிறது. அரசன் தன் கொடையைப் பொறித்து, தெய்வத்தின் முன் தன் உரிமையை நிறுவிக்கொண்ட அதே கல்லில், அதே தெய்வத்தின் முன், முறை தவறினால் அந்த உரிமை செல்லாது என்று குடிகள் எழுதினார்கள். அரியணையை அவர்கள் மறுக்கவில்லை, அதற்கு எல்லை வகுத்தார்கள். மார்சீலியஸ் ஏட்டில் வாதாடியதை இவர்கள் கூட்டமாகக் கூடி முடிவெடுத்துச் செயலாக்கினார்கள்.

இனி ஆக வேண்டிய காரியம் தமிழில் இருக்கிறது. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவற்றுள் பல இன்னும் முழுப் பாடமாக அச்சேறவில்லை. அவை அச்சாக வேண்டும். 1429இன் கல்வெட்டுகள் எளிய உரையோடு கல்லூரிப் பாடத்தில் வர வேண்டும். ஆட்சியுரிமை பற்றித் தமிழர் என்ன நினைத்தார்கள் என்று கேட்கும் மாணவருக்குத் திருக்குறளின் இறைமாட்சிக்கு அடுத்ததாகக் கொறுக்கையைக் காட்ட வேண்டும். ஆள்கிறவர் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் குறள் சொல்லும். அப்படி இல்லாதபோது குடிகள் என்ன செய்தார்கள் என்பதைக் கொறுக்கை சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் நம் அரசியல் சிந்தனை வரலாறு முழுமையடையும்.