மேடைக்கு முன்பே பிறக்கும் தலைப்பு

கிட்கிந்தையில் வாலி வீழ்ந்து கிடக்கிறான். மார்பில் பாய்ந்த அம்பைப் பற்றி இழுத்து, அதில் பொறித்திருக்கும் பெயரைப் படிக்கிறான். எய்தவன் இராமன் என்று தெரிந்ததும் அவனிடமிருந்து கேள்விகள் பொங்கி வருகின்றன. தம்பி மனைவியைக் கவர்ந்த குற்றத்தைச் சுட்டி இராமன் பதில் சொல்கிறான். வாலி மறுக்கிறான், இராமன் மீண்டும் விளக்குகிறான். கடைசியில், ‘எதிரில் வராமல் மறைந்து நின்று ஏன் எய்தாய்?’ என்ற கேள்வி வருகிறது. அதற்கு இராமன் வாய் திறப்பதில்லை. இலக்குவன் முன்வந்து பதில் சொல்கிறான்: சுக்கிரீவன் முதலில் சரணடைந்துவிட்டான், நேரில் வந்தால் நீயும் சரண் புகுந்துவிடுவாய் என்பதால்தான் மறைந்து எய்தான்.

அண்ணன் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் கம்பன் ஏன் தம்பியைப் பேச வைத்தான்? இந்த ஒரு கேள்வியை வைத்துக் கம்பன் விழா மேடைகள் பல ஆண்டுகள் பேசியிருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் வாலி வதத்தை ஆராய்ந்து ‘மூன்று வினாக்கள்’ என்று ஒரு நூலே எழுதினார். வழக்குகளில் தீர்ப்புச் சொல்லிப் பழகிய ஒருவரையும் ஒரு காவியத்தின் மௌனம் விடாமல் பிடித்துக்கொண்டது.

பட்டிமன்றம் முடிந்து வீடு திரும்பும் கூட்டம் பேச்சாளர்களைப் பாராட்டும். நடுவரின் தீர்ப்பை ஒரு கை பார்க்கும். தலைப்பைத் தந்தவர் யார் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அன்றைய பேச்சு உயரம் தொடுமா, தரையிலேயே சுற்றி வருமா என்பது தலைப்பு முடிவான நாளிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. நல்ல தலைப்பு என்பது ஒரு வாசிப்பு. ஆயிரம் பேர் படித்துக் கடந்துபோன இடத்தில் ஒருவர் நின்று, ‘இங்கே ஏதோ தீராமல் இருக்கிறதே’ என்று கண்டுகொள்வது. அந்தக் கண்டுபிடிப்பைத் தனிக் கலையாகவே ரசிக்கலாம்.

வாதத்துக்கென்று ஓர் இடம் வைப்பது தமிழுக்குப் பழைய பழக்கம். மகத வேந்தன் சோழனுக்குத் தந்த பட்டிமண்டபத்தைச் சிலப்பதிகாரம் புகார் நகரின் சிறப்புகளில் ஒன்றாகச் சொல்கிறது. இந்திர விழாவை அறிவிக்கும்போது, வாதம் அறிந்தவர்கள் பட்டிமண்டபம் ஏறுமாறு மணிமேகலையில் முரசறைபவன் கூவுகிறான். கம்பனின் அயோத்தியிலும் பட்டிமண்டபம் உண்டு. இன்றைய வடிவம் வேரூன்றியது காரைக்குடியில். ‘கம்பன் அடிப்பொடி’ சா. கணேசன் 1939-இல் அங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனியில் நடக்கும் அதன் விழா, கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் அத்த நட்சத்திர நாளன்று நிறைவடையும். குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த காலத்தில் பட்டிமன்றம் புலவர் வட்டத்தைத் தாண்டிச் சாதாரண மக்களும் காத்திருந்து கேட்கும் நிகழ்ச்சியாக மாறியது.

அந்த மேடைகள் தந்த தலைப்புகளில் என்றும் வாடாத ஒன்று கும்பகருணனையும் வீடணனையும் பற்றியது. இருவரும் இராவணனின் தம்பியர். சீதையைக் கவர்ந்து வந்தது தவறு என்று இருவருமே அண்ணனிடம் சொல்கிறார்கள். ஒருவன் அறத்தின் பக்கம் போகிறான். இன்னொருவன் தவறு என்று தெரிந்தே அண்ணனுக்காக உயிரைக் கொடுக்கிறான். போர்க்களத்தில் வீடணன் வந்து கும்பகருணனை இராமன் பக்கம் அழைக்கும் காட்சியைக் கம்பன் விரிவாகப் பாடியிருக்கிறான். ஊட்டி வளர்த்து, போர்க்கோலமும் செய்து அனுப்பியவனை விட்டு வரமாட்டேன் என்று கும்பகருணன் மறுத்துவிடுகிறான். தம்பியைப் போகச் சொல்லி அன்போடு அனுப்பியும் வைக்கிறான். இருவரில் உயர்ந்தவன் யார்?

இந்தத் தலைப்பின் அழகு, இரண்டு பக்கமும் நல்லவர்கள் நிற்பதில் இருக்கிறது. ஒரு தட்டில் அறம், மறு தட்டில் நன்றி. இராமனா இராவணனா என்று கேட்டால் ஓர் அணி தொடக்கத்திலேயே தோற்றுவிடும். அந்த அணிக்காரர் திறமையைக் காட்டலாமே தவிர, கேட்பவரின் உள்ளத்தை அசைக்க முடியாது. நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் சண்டையில் வாதத்துக்கு வேலை குறைவு. இரண்டு நன்மைகள் மோதும் இடத்தில்தான் கேட்பவரும் எழுந்து ஓர் அணியில் சேர்ந்துகொள்ளத் துடிக்கிறார்.

கண்ணகியா மாதவியா என்ற கேள்வியும் அந்த ரகம்தான். பிரிந்த கணவனுக்காகக் காத்திருந்து, பிறகு ஒரு நகரத்தையே எரித்தவள் ஒருத்தி. ஆடல் மகளிர் குலத்தில் பிறந்தும் ஒருவனையே நினைத்து, அவன் இறந்த பிறகு துறவு பூண்டு, மகளையும் அதே வழியில் செலுத்தியவள் இன்னொருத்தி. மாதவிக்காகப் பேசுபவர், கோவலன் ஊரைவிட்டுப் போன பிறகு அவள் அனுப்பிய கடிதத்தை எடுப்பார். அந்தக் கடிதத்தைப் படித்த கோவலனே குற்றம் அவளுடையதல்ல, தன்னுடையது என்று உணர்கிறான். கண்ணகிக்காகப் பேசுபவரிடம் பாண்டியன் அவையில் உடைந்த சிலம்பு இருக்கிறது. இரு தரப்புக்கும் நூலுக்குள்ளேயே சான்று கிடைக்கிறது. கைதட்டலுக்காக வெளியிலிருந்து சரக்குத் தேட வேண்டியதில்லை.

கண்டுபிடித்த கேள்வியைச் சொல்லில் வடிப்பது அடுத்த வேலை. அதிலும் நுணுக்கம் நிறைய. ‘குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா?’ என்பது போன்ற தலைப்புகளைப் பார்த்தால், அந்தப் ‘பெரிதும்’ சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது தெரியும். அது இருப்பதால் ஓர் அணி மற்றதை முழுக்க மறுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் பங்கும் உண்டு, எங்கள் பங்கு சற்றே கூடுதல் என்று பேசலாம். எதிரணியை மதித்துக்கொண்டே எதிர்க்க அது வழி விடுகிறது. அதை எடுத்துவிட்டால் அதே மேடை வசைபாடும் இடமாகிவிடக் கூடும்.

ஆங்கில நாட்டு வாத மன்றங்கள் வேறு வழியில் போகின்றன. அங்கே ஒரு தீர்மானத்தை முன்வைத்து, ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று கேட்பார்கள். மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்த நிலையிலும் போரிடுவதில்லை என்ற தீர்மானம் 1933 பிப்ரவரி 9 அன்று ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. 275 பேர் ஆதரித்தார்கள், 153 பேர் எதிர்த்தார்கள். நாடே கொதித்தது. முதல் உலகப் போரில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களில் அடக்கிவைத்திருந்த ஒரு கேள்வியை அந்த ஒற்றை வாக்கியம் வெளியே இழுத்துப் போட்டது. தமிழ் மேடை ‘ஆம், இல்லை’ என்று கேட்பதைவிட ‘இதுவா, அதுவா’ என்று கேட்கவே விரும்புகிறது. மறுப்பதற்கு மட்டுமே வந்தவர் என்று இங்கே யாரும் இல்லை. ஒவ்வோர் அணிக்கும் தூக்கிப் பிடிக்க ஒன்று உண்டு.

எல்லாக் கேள்வியும் இரண்டாகப் பிளக்காது. கோவலன் கொலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பொற்கொல்லன், பாண்டியன், கோவலன், ஊழ் என்று நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அப்படிப்பட்ட கேள்விக்காக அமைந்ததுபோல் இருக்கிறது சுழலும் சொல்லரங்கம். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, சுற்றுச் சுற்றாக வாதிடுவார்கள். ஒருவர் செய்த ஒரே செயலைத்தான் எடைபோட வேண்டும் என்றால் வழக்காடு மன்றம் பொருந்தும்: குற்றம் சாட்ட ஒருவர், மறுக்க ஒருவர், தீர்ப்புச் சொல்ல நடுவர். கைகேயி மீது வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த வாக்குக்காக மகனைக் காட்டுக்கு அனுப்பிய தசரதன் மீதும் தொடுக்கலாம். கேள்வியின் உருவம் பார்த்து மேடையின் உருவத்தைத் தேர்வது தலைப்புக் கலையின் ஒரு பகுதி.

தொலைக்காட்சி வந்ததும் கேட்பவர் கூட்டம் மாறியது. பொங்கல், தீபாவளி நாட்களில் சன் தொலைக்காட்சியில் சாலமன் பாப்பையா நடுவராக வரும்போது, பாட்டி முதல் பேரன் வரை ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அவர், 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அந்த அறைக்குக் கும்பகருணன் போதாது. கணவன் மனைவி, மாமியார் மருமகள், பெற்றோர் பிள்ளைகள், சேமிப்பு செலவு என்று தலைப்புகள் வீட்டுக்குள் இறங்கின. பேச்சாளர்கள் ராஜாவும் பாரதி பாஸ்கரும் எதிரெதிர் அணியில் பேசும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பமே இரண்டு அணியாகப் பிரியும். தலைப்பு அந்த அறையைப் பிரிக்க வேண்டும். ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான ஆழத்தைக் கண்டுபிடிப்பது எளிய வேலையாகத் தோன்றலாம். முயன்று பார்த்தவர்களுக்கே அதன் கடினம் தெரியும்.

திண்டுக்கல் ஐ. லியோனி வேறொரு சுரங்கத்தைத் திறந்தார். பழைய திரைப்பாடல்களா, புதிய பாடல்களா? இந்தத் தலைப்பில் சான்று கேட்பவரின் நினைவிலேயே இருக்கிறது. பேச்சாளர் இரண்டு அடி பாடினால் போதும். ஒரு காலமே எழுந்து வந்துவிடும். புதியது என்ற எல்லைக்கோடு ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருப்பதால் தலைப்புக்கு வயதாவதில்லை. அன்று புதிய பாடல் அணியினர் பாடிக்காட்டியதை இன்று பழைய பாடல் அணியினர் பெருமையோடு எடுத்துக்கொள்ள முடியும்.

விசுவின் ‘அரட்டை அரங்கம்’ ஊர் ஊராகப் போய் மக்களிடமே ஒலிவாங்கியைக் கொடுத்தது. விஜய் தொலைக்காட்சியில் 2006-இல் தொடங்கி கோபிநாத் நடத்திவரும் ‘நீயா நானா’ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பட்டிமன்றப் பேச்சாளர் தனக்கு ஒதுக்கிய பக்கத்தைப் பேசுகிறார். வேண்டுமானால் அடுத்த மாதம் எதிர்ப்பக்கத்தையும் பேசுவார். ‘நீயா நானா’வில் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் உட்காருகிறார். அதனால் தலைப்பு தேடுபவர் முதலில் கருத்துகளைத் தேடுவதில்லை. ஒரே விஷயத்தை இரண்டு விதமாக அனுபவித்த மனிதர்களைத் தேடுகிறார். வேலைக்குப் போகும் தாய் ஒரு பக்கம், அவள் பிள்ளையை வளர்க்கும் பாட்டி மறுபக்கம். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தாலே பாதித் தலைப்பு தயார்.

தேய்ந்த தலைப்புகளும் உண்டு. அறிவியல் ஆக்கத்துக்கா, அழிவுக்கா என்று எத்தனை பள்ளி ஆண்டு விழாக்களில் மாணவர்கள் பேசியிருப்பார்கள்! எதையும் புதிதாகப் படிக்காமல், யாரையும் போய்ப் பார்க்காமல் இரண்டு பக்கமும் பேசிவிடலாம் என்பதுதான் அதன் குறை. அதையே சற்று நெருங்கிப் போய், ‘விவசாயிக்குக் கைபேசி தந்த நன்மை பெரிதா, உழவு இயந்திரம் தந்தது பெரிதா?’ என்று மாணவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். அவர் வயலுக்குப் போயாக வேண்டும். சந்தை விலை கைபேசியில் எப்படி வருகிறது, ஓர் ஏக்கர் உழ எவ்வளவு வாடகை ஆகிறது என்று கேட்டுவர வேண்டும். பேச வருபவரை மேடைக்கு முன்பு எங்கேயாவது அனுப்பிவைக்கும் தலைப்புக்குத் தனி மதிப்பு உண்டு.

அப்படிப்பட்ட தலைப்புகளை எங்கே தேடுவது? தேர்ந்த கண்கள் சில இடங்களில் நின்று பார்க்கின்றன. பேச வேண்டியவர் பேசாமல் இருக்கும் இடம் ஒன்று. வாலி முன் இராமன் நின்றதைப் போல. நல்லவர் ஒருவர் செய்த செயல் கேட்பவரை உறுத்தும் இடம் இன்னொன்று; யுத்த காண்டத்தில் சீதை தீப்புகும் இடத்தைத் தாண்ட முடியாமல் எத்தனையோ வாசகர்கள் தவித்திருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு இயல்பாக இருந்தது அடுத்த தலைமுறைக்கு ஏற்க முடியாததாக மாறும் இடம் மூன்றாவது. திருமண வீட்டுப் பந்தியில், பேருந்துப் பயணத்தில், மருத்துவமனை வராந்தாவில் காது கொடுத்தால் இந்த மூன்றாவது வகை நிறையக் கிடைக்கும். ‘அதெல்லாம் சரி, ஆனா...’ என்று யாராவது இழுக்கும் இடத்தில் ஒரு தலைப்பு எட்டிப் பார்க்கும்.

காவியங்களிலும் இன்னும் தோண்டாத இடங்கள் ஏராளம். கம்பனும் சிலம்பும் மேடை கண்ட அளவுக்கு மணிமேகலை கண்டதில்லை. அதில் வரும் ஆபுத்திரன் கதை ஒரு வழக்காடு மன்றத்துக்கு அப்படியே பொருந்தும். பெற்ற தாய் கைவிட்ட குழந்தைக்கு ஒரு பசு ஏழு நாள் பால் தந்து காக்கிறது. இளம்பூதி என்ற அந்தணர் எடுத்து வளர்க்கிறார். வளர்ந்தபின், வேள்வியில் பலியிடுவதற்காகக் கொம்பில் மாலை சூட்டிக் கட்டிவைத்த ஒரு பசுவைப் பார்த்து அவன் நடுங்குகிறான். இரவில் அதை அவிழ்த்து ஓட்டிச் செல்கிறான். அந்தணர்கள் அவனைப் பிடித்து அடிக்கிறார்கள். அடித்த வேத ஆசிரியரைப் பசு குத்திக் குடலைச் சரித்துவிட்டுக் காட்டுக்குள் ஓடுகிறது. அவனுக்குப் பசுக் கள்வன் என்று பெயர் விழுகிறது. பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள். மதுரைக்குப் போய், பிச்சை எடுத்த சோற்றைக் குருடருக்கும் முடவருக்கும் பகிர்ந்துவிட்டு மிச்சத்தை உண்டு வாழும் அவனிடம்தான் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுக்கிறாள்.

ஆபுத்திரன் செய்தது திருட்டா, மீட்பா? குற்றம் சாட்டுபவருக்குப் பிறர் பொருள், இரவு நேரம், பிறர் வழிபாட்டைக் கலைத்தது, ஒரு மனிதருக்கு நேர்ந்த கொடும் காயம் என்று வலுவான சான்றுகள் இருக்கின்றன. மறுப்பவரிடம் அந்த ஏழு நாள் பாலும், பின்னாளில் ஆயிரம் பசித்த வயிறுகளும் இருக்கின்றன. விலங்குகளுக்காகப் போராடுபவர்களையும், தம் வழிபாட்டு உரிமையைக் காக்க நிற்பவர்களையும் இன்று ஒரே ஊரில் பார்க்க முடிகிறது. பழைய வழக்கு என்று யாரும் இதை ஒதுக்க முடியாது. இரு அணிகளுக்கும் சிக்கலான சாட்சி இளம்பூதிதான். கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்த்த அதே கைகள், பிறப்பின் கதை தெரிந்ததும் அவனை வீட்டைவிட்டு வெளியேற்றின. அவரைச் சாட்சிக் கூண்டுக்கு முதலில் அழைக்கப்போகும் அணி எது என்பதிலேயே அன்றைய மேடை சூடுபிடித்துவிடும்.