தோனிக்குப் பிறகு யார் என்று கேட்காத அணி

2018 ஐபிஎல் ஏலம் முடிந்ததும் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. நிர்வாகப் பக்கத்துப் பந்தய விவகாரத்தால் இரண்டு சீசன் தடையில் இருந்துவிட்டு வந்த அணி, முப்பது வயதைத் தாண்டியவர்களாகத் தேடிப் பிடித்திருந்தது. கேப்டன் தோனிக்கு 36 வயது, ஷேன் வாட்சனுக்கும் 36. 'டாடிஸ் ஆர்மி' என்று கிண்டலடித்தார்கள். அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் வாட்சன் முதல் பத்துப் பந்துகளில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. ஆட்டம் முடியும்போது 57 பந்துகளில் 117 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். கோப்பை சென்னைக்கு வந்தது.

இந்த அணியின் பண்பாடு என்று எதைச் சொல்கிறார்களோ, அது அந்தப் பத்துப் பந்துகளில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே வாட்சன் ஆட்டத்துக்கு ஆட்டம் சொதப்பினார். உட்காரவைக்கவில்லை. மும்பைக்கு எதிரான இறுதிப் போட்டியில் அவர் அடித்த 80 ரன்தான் அணியை வெற்றியின் விளிம்புக்குக் கொண்டுவந்து விட்டது; தோற்றது ஒரே ரன்னில்.

இது வெறும் பாசம் அல்ல, கணக்கும் உண்டு. 2009 முதல் ஸ்டீபன் ஃபிளெமிங்தான் பயிற்சியாளர். நான்கு ஆட்டம் தோற்றால் யார் வேலை போகும் என்ற பதற்றம் ஓய்வறைக்குள் வருவதில்லை. வந்தவருக்கு ஒரே ஒரு வேலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். பெங்களூரு, ராஜஸ்தான் என்று சுற்றி வந்த சிவம் துபேயின் வேலை சுழற்பந்தை அடித்து நொறுக்குவது. 2023-ல் 35 சிக்ஸர் அடித்தார். எல்லோரும் கைகழுவிய ரஹானேயை வெறும் 50 லட்சத்துக்கு வாங்கினார்கள். அவர் 172 ஸ்டிரைக் ரேட்டில் 326 ரன் குவித்தார். டெஸ்ட் ஆட்டக்காரர் என்று ஓரங்கட்டப்பட்ட ஒருவரிடமிருந்து இதை வரவழைப்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இந்தப் பொறுமை யாருக்குக் கிடைக்கிறது? எங்கோ ஏற்கெனவே நிரூபித்துவிட்டு வந்தவர்களுக்கு. நம்மூர் ஜெகதீசன் பல சீசன் பெஞ்சில் இருந்தார். களத்தில் பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். 2022 நவம்பரில் அவரை விடுவித்த சில நாட்களிலேயே விஜய் ஹசாரே கோப்பையில் 277 ரன் அடித்தார். 2023 இறுதிப் போட்டியில் சென்னைப் பந்துவீச்சைப் புரட்டியெடுத்து 96 எடுத்த சாய் சுதர்சன் சென்னைப் பையன்தான். போட்டிருந்தது குஜராத் ஜெர்சி.

2020-ல் இளைஞர்களிடம் பொறி தெரியவில்லை என்று தோனி சொன்னது நினைவிருக்கும். ப்ளே-ஆஃப் கனவு கலைந்த பிறகு ருதுராஜ் கெய்க்வாடைத் தொடர்ந்து விட்டுப் பார்த்தார்கள். கடைசி மூன்று ஆட்டங்களிலும் அரைசதம். மறு ஆண்டு 635 ரன்னோடு ஆரஞ்சு தொப்பியும் அவருக்குத்தான். பொறி இருந்தது, வாய்ப்புதான் இல்லை. 2025-லும் அதே கதை: 17 வயது ஆயுஷ் மாத்ரேவும் பிரெவிஸும் உள்ளே வந்தது சீசன் கைவிட்டுப் போகத் தொடங்கிய பிறகு.

இதைவிடப் பெரிய ஓட்டை தலைமை மாற்றத்தில் இருக்கிறது. 2022 சீசனுக்குத் தோனிக்கு 12 கோடி, ஜடேஜாவுக்கு 16 கோடி என்று தக்கவைத்தபோதே அடுத்தவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேப்டன் பதவியைக் கொடுத்தது முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு. எட்டு ஆட்டம், ஆறு தோல்வி, பதவி மறுபடி தோனியிடம். வாட்சன் விஷயத்தில் காட்டிய பொறுமையில் பாதிகூட ஜடேஜாவுக்கு இல்லை. 2024-ல் கெய்க்வாடை அறிவித்தது ஆட்டத்துக்கு முந்தைய நாள். அவர் ஃபீல்டரை நகர்த்தினால், பந்துவீச்சாளரின் கண் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கும் தோனியிடம் போய் உறுதி செய்துகொள்ளும். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 2025-ல் கெய்க்வாடுக்கு முழங்கை முறிந்ததும் நிர்வாகம் போய் நின்றது 43 வயது தோனியிடம்தான். தோனி மறுபடி கேப்டனான முதல் ஆட்டத்தில் சேப்பாக்கத்தில் சென்னை எடுத்தது 103 ரன், கொல்கத்தா 10.1 ஓவரில் முடித்துவிட்டுப் போனது. அந்த சீசனில் முதல்முறையாகச் சென்னை கடைசி இடத்தில் முடித்தது.

ஈவிரக்கமின்றி மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா? 2024-ல் மும்பை அதைத்தான் செய்தது. ஐந்து கோப்பை வென்ற ரோஹித்தை இறக்கி, வெளியிலிருந்து வந்த ஹர்திக்கை ஏற்றினார்கள். சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். மும்பையும் கடைசி இடம். ஆக, சென்னையின் விசுவாசம் தவறில்லை. அதை ஓர் ஆளோடு கட்டிப்போட்டதுதான் தவறு. சென்னையின் ஐந்து கோப்பைகளும் தோனி தலைமையில் வந்தவை. ஜடேஜாவிடமோ கெய்க்வாடிடமோ பொறுப்பைக் கொடுத்துத் தொடங்கிய 2022, 2024, 2025 ஆகிய மூன்று சீசன்களில் ஒன்றில்கூட ப்ளே-ஆஃப் எட்டவில்லை. இதற்கு அவர்கள் இருவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை.

நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கேப்டன் யாராக இருந்தாலும் ஏலத்துக்கு முன்பே அறிவியுங்கள், அணியை அவரே தேர்ந்தெடுக்கட்டும், தோற்றாலும் இரண்டு முழு சீசன் அவரிடம் விடுங்கள்.