ஆவடி அர்ஜுனைக் கண்ட நாள்

அப்பா இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில் மெஷின் வேலை பார்த்தவர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்லுவோம். சக்கரம் எங்களுக்கு ரோதை; அதைக் காக்கும் ரோதைமுனிச் சாமியைக் கும்பிடாமல் அங்கே ஒரு ரோதை சுற்றாது. நான் எழுத்துக் கூட்டியதே அந்த இரும்பில் வார்த்திருந்த பெயர்களில்தான். கொழுந்து உருட்டும் ரோலரில் மார்ஷல், கெயின்ஸ்பரோ. தூளைக் காய வைக்கும் சிரோக்கோவில் டேவிட்சன், பெல்ஃபாஸ்ட். எந்த மெஷினைக் கண்டாலும் 'இது எந்த ஊர்ப் பிள்ளை?' என்று தேடுவது அன்றைக்குத் தொற்றிய பழக்கம்.

2018 ஏப்ரலில் சென்னைக்குப் போயிருந்தேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிய அத்தை குடும்பம் ஆவடியில் இருக்கிறது. திருவிடந்தையில் பாதுகாப்புக் கண்காட்சி. கடைசி நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். "வா மச்சான், எங்க ஊரு அர்ஜுனக் காட்டுறேன்" என்று அத்தை மகன் இழுத்துக்கொண்டு போனான்.

அடேயப்பா! அர்ஜுன் யுத்த டாங்கியின் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. முதல் வடிவமே 58.5 டன். ஒரு மலையைச் செதுக்கிச் சங்கிலிச் சக்கரத்தில் ஏற்றியதுபோல் இருந்தது. மூச்சு வந்ததும் முதல் வேலையாக வம்சம் தேடத் தொடங்கினேன்.

அர்ஜுனுக்கு ஆவடியிலேயே ஓர் அண்ணன் உண்டு: விஜயந்தா. 1961இல் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் வரைந்த டாங்கியை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கட்டினார்கள். 1983 வரை ஏறக்குறைய 2,200 வண்டிகள்! அதன் எஞ்சின் லேலண்ட் எல்60 என்று படித்தபோது துள்ளிக் குதித்தேன். சின்ன வயதில் எங்களைச் சுமந்து மலையேறிய சி.டி.பி. பஸ்ஸும் லேலண்டுதானே! எல்60இல் ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு எதிரெதிராக நின்று முட்ட வரும். இதே முறையை ஜெர்மனியின் ஜங்கர்ஸ் விமான எஞ்சின்கள் முன்பே ஓட்டிக் காட்டிவிட்டன. ஆக, அந்த இங்கிலாந்துக் குடும்பத்திலும் ஒரு ஜெர்மன் சாயல்.

அர்ஜுன் திட்டத்துக்கு 1974இல் அனுமதி கிடைத்தது. பட்டையான கோபுரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் ஜெர்மனியின் லெப்பர்ட் 2 கண்ணில் வந்து நிற்கும். உள்ளேயும் எம்டியு எஞ்சின், 1,400 குதிரைத்திறன், ரெங்க் கியர்பெட்டி. ஜெர்மன் பிள்ளையேதான் என்று முடிவு கட்டப் போனால் பீரங்கி மறித்து நிற்கிறது. லெப்பர்ட் 2க்கு வழவழப்பான குழாய். அர்ஜுனின் 120 மி.மீ. குழாய்க்குள்ளே புரிவரி ஓடுகிறது. பிரிட்டிஷ் சீஃப்டன் டாங்கி வைத்திருந்த வழி அது. ஆனால் இந்தப் பீரங்கியை வடித்தவர்கள் புனேக்காரர்கள். மேல் கவசமோ ஹைதராபாத் உலோக ஆய்வகத்தின் 'காஞ்சன்'. இத்தனை ஊர்க்காரர்களை ஒரே உடம்பில் சண்டையில்லாமல் குடிவைத்த ஆவடிப் பொறியியலாளர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். முப்பது வருட உழைப்பு அது. 2004இல்தான் முதல் வண்டிகள் படைக்குப் போயின.

கண்காட்சித் திடலில் பிறகு அர்ஜுன் நகர்ந்தது. தரை அதிர்ந்து பாதம் வழியாக நெஞ்சுக்கு ஏறியது. ரோலர் மேசையில் கைவைத்தால் வருமே, அதே அதிர்வு! மேடு பள்ளத்தில் உடம்பு ஏறி இறங்குகிறது, பீரங்கி மட்டும் குறித்த இடத்தை விட்டு அசையவில்லை. தலையில் தண்ணீர்க் குடத்தோடு லயத்துப் படியேறும் எங்கள் பெண்களின் கழுத்து நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

ஊர் திரும்பிய பிறகும் தேடல் நிற்கவில்லை. உலகத்தின் முதல் டாங்கியை 1915இல் செய்தது லிங்கன் நகரத்து ஃபோஸ்டர் கம்பெனி. விவசாய மெஷின் கட்டியவர்கள். வரைபடத்தை விரித்தால், எங்கள் ரோலரின் கெயின்ஸ்பரோவும் அதே லிங்கன்ஷயரில், கூப்பிடு தூரம் என்று சொல்லலாம்! ராத்திரி பத்து மணிக்கு அப்பாவை எழுப்பிச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தப் பெரிய ரோதைக்கெல்லாம் கிரீஸ் எங்க தம்பி போடுறாங்க?"