கானா: ஓர் இசைக் கொச்சைச் சொல்லின் பிறப்பும் பொருள் மாற்றமும்

வடசென்னையின் உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டு வகையின் பெயர் 'கானா'. இச்சொல்லின் பிறப்பையும், அதன் பொருள் விரிவால் பெற்றதும் இழந்ததும் எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

சொல்லின் பிறப்பு

'கானா'வைக் 'கானம்' என்பதன் கொச்சைத் திரிபாகக் கொள்வது எளிது. ஆனால் சொல்லின் ஈறு அதற்கு இடந்தரவில்லை. வடமொழிச் சொல் தமிழில் மகர ஈறு பெற்றுக் 'கானம்' ஆயிற்று. அதே மூலத்தினின்று வந்த இந்துஸ்தானி வடிவமோ நெடிலில் முடிவது. நாஷ்டா, டப்பா முதலியனவும் அந்நெடில் ஈற்றோடே சென்னைப் பேச்சில் கலந்தவை. ஆகவே, 'கானா' ஏட்டு வழியாக அன்றி, நகரில் நெடுங்காலம் வழங்கும் உருதுவின் வழியாக வந்தது எனக் கொள்வதே பொருந்தும். அதன் முதலிலுள்ள அதிர்வொலிக் ககரம் தமிழுக்கு இயல்பன்று. எனவே சிலப்பதிகாரக் 'கானல் வரி'யோடு இணைத்துத் தொன்மை தேடுவதும் ஒவ்வாது.

பொருள் மாற்றம்

மூலமொழியில் எப்பாட்டையும் குறித்த சொல், சென்னையில் ஒருவகைப் பாட்டுக்குரியதாகச் சுருங்கிற்று. இழவு வீட்டின் இரவே அப்பாட்டின் முதன்மைக் களம். இறந்தவரின் பெயரும் உறவும் குறும்பும் அங்குப் பாட்டாகும். 1990களில் தேவாவின் இசை கானாவைத் திரையில் நிலைபெறச் செய்தது. 'சித்திரம் பேசுதடி' (2006), 'அட்டகத்தி' (2012) ஆகிய படங்களால் கானா உலகநாதனும் கானா பாலாவும் பரவலாக அறியப்பட்டனர். கருநாடக இசைக்கலைஞர் பெயர்முன் ஊர்ப்பெயர் நிற்கும் இடத்தில், இவர்களுக்குப் பாட்டு வகையே நிற்கின்றது. இழிவாக எண்ணப்பட்ட சொல் பட்டமாயிற்று. 2018 சனவரியில் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அதனைச் சாதி எதிர்ப்பின் குரலாக்கியது.

இவ்வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. திரையில் களிப்பே மேலோங்கியதால் 'கானா' என்றதும் இன்று ஆட்டப் பாட்டே நினைவுக்கு வருகின்றது. முன்பு அடைமொழி வேண்டாதிருந்த இரங்கற் பாட்டுக்கு இப்போது 'மரண கானா' என அடை தேவைப்படுகின்றது. மூலப்பொருள் தன் வீட்டிலேயே விருந்தாளியாகிவிட்டது.

ஒப்பீடு

இத்தாலியின் பலேர்மோ நகரத்து எளிய குடியிருப்புகளில், திருமணம், ஞானமுழுக்கு முதலிய விழாக்களில் பாடப்பெறுவது, நேப்பிள்ஸில் தோன்றிய 'நியோமெலோதிகோ' பாட்டு. 'புதிய இன்னிசை சார்ந்தது' எனப் பொருள்படும் இப்பெயர், 1990களில் இதழியலாளராலும் திறனாய்வாளராலும் பரவியது. வெளியார் இட்ட அப்பெயரில் ஏளனமும் ஒட்டிக்கொண்டது. கானாவோ பாடுவோரின் வாய்ச்சொல். அதனாலேயே அதன் மதிப்பை அவர்களே மாற்ற இயன்றது எனலாம்.

முடிவுரை

திரைப்பாட்டை மட்டுமே கொண்டு கானாவை மதிப்பிடும் திறனாய்வு, அதன் கிளையை வேராகக் கொள்கின்றது. இனிவரும் அகராதிகள் 'களிப்புப் பாட்டு' என்று எழுதுமுன் இழவு வீட்டுப் பொருளை முதற்கண் பதிதல் வேண்டும். அது விடுபடின், ஏட்டில் இடம்பெறாத எளியோர் பலரின் வாழ்வைப் பாடிவைத்த மரபுக்குப் பெயரே இல்லாமற் போகும்.