திரை: கயிறு யார் கையில்?

ஆர்.கே.பேட்டையில் ஜன்னலில் தொங்குவதைத் 'திரைச்சீலை' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடையில் வாங்கினால் 'ஸ்கிரீன்'; பழைய புடவையைக் கிழித்துக் கட்டினால் வெறும் 'துணி'. தறி ஓடும் ஊரில் நெய்கிறவர் வீட்டு ஜன்னலுக்கு ஒரு சொல்கூட மிச்சமில்லை.

ஆனால் 'தெர' சாகவில்லை. திருத்தணிக் கோயிலில் அலங்காரம் நடந்தால் 'தெர போட்டுட்டாங்க' என்கிறோம். கூத்தில் இரண்டு பேர் பிடிப்பதும் தெரதான். தெலுங்கிலும் அதே 'தெர'. 1960இல் திருத்தணியைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்துக் கோடு போட்டார்கள். சொல் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கிடக்கிறது.

'மறைப்பது' என்று அகராதி சொல்வது போதாது. சிலப்பதிகார அரங்கின் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி மூன்றும் துணியால் வேறுபடவில்லை. இயக்கப்படும் விதத்தால் வேறுபடுகின்றன. ஆக, திரை ஓர் அதிகார உறவு. கோயிலில் கயிறு அர்ச்சகர் கையில். நாம் காத்துக் கிடக்கிறோம். கூத்தில் வேஷக்காரன் தெரைக்குப் பின்னாலிருந்தே பாடித் தான் யாரென்று சொல்லிவிடுகிறான்.

வீட்டில்? புடவையைக் கிழித்துக் கட்டியவள் பெண். தெருவைப் பார்க்க அவளே அதை விலக்கினால், 'அங்க என்னடி பார்வை?' என்கிறது ஒரு குரல். அந்தத் துணிக்குப் பெயர் வைக்குமுன் அந்தக் குரலுக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.