பார்த் பார்க்காத போல்ட்

ரொலான் பார்த்தை நம்ம ஊரில் வாசிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் 'ஆசிரியரின் மரணம்' வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். நான் ஒரு கார் வழியாக வந்தேன். 1957இல் வெளிவந்த அவருடைய 'மித்தாலஜீஸ்' தொகுப்பில் புதிய சித்ரோயன் டிஎஸ் பற்றிச் சில பக்கங்களே உள்ள ஒரு கட்டுரை இருக்கிறது. கல்லூரி நாட்களில் அதை வாசித்துவிட்டுக் கிறங்கிப்போய்த் திரிந்திருக்கிறேன். சமீபத்தில் ஒரு பழைய காரின் உள்பக்கத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தபின் மறுபடி எடுத்து வாசித்தேன். இந்த முறை பார்த்தோடு சண்டை வந்துவிட்டது.

அவர் சொல்வதை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். 1955 அக்டோபர், பாரிஸ் மோட்டார் கண்காட்சி. டிஎஸ் மேடையேறிய முதல் நாளே சுமார் 12,000 பேர் முன்பதிவு செய்கிறார்கள். பார்த்தின் கண்ணுக்கு அது வானத்திலிருந்து இறங்கிய பொருள். மத்தியகாலத்துக்குக் கோதிக் தேவாலயம் எப்படியோ இந்தக் காலத்துக்குக் கார் அப்படி என்கிறார்: பெயர் தெரியாத கலைஞர்கள் செய்தது, வாங்க முடியாதவர்களும் பிம்பமாகவாவது நுகர்வது. டிஎஸ் என்ற இரண்டு எழுத்தைப் பிரெஞ்சில் சொன்னால் 'தேவி' என்று காதில் விழும். அந்தச் சிலேடையில் அவர் உற்சாகமாக நீந்துகிறார். அதன் வழவழப்பு அவருக்குத் தெய்வீகத்தின் அடையாளம், ஏனென்றால் மனிதன் செய்த பொருளில்தான் தையல் தெரியும். டிஎஸ்ஸின் தகடுகள் ஒன்றையொன்று பிடித்து நிற்பது தங்கள் அற்புத வடிவத்தின் பலத்தால் மட்டுமே என்பதுபோல இருக்கிறதாம்.

அழகான பார்வைதான். ஆனால் டிஎஸ்ஸின் தகடுகள் வடிவத்தின் பலத்தால் நிற்கவில்லை, போல்ட்டில் நிற்கின்றன. பின்சக்கரத்தை மூடியிருக்கும் அந்த மொத்தத் தகடையும் ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கிறது. பஞ்சரானால் அதைக் கழற்றித் தகட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் சக்கரத்தை மாற்ற வேண்டும். அதாவது அந்தக் காலத்துக் கார்களிலேயே எளிதாகப் பிரிக்கும்படி யோசித்துச் செய்த கார்களில் அதுவும் ஒன்று. தையல் இல்லாத ஆடை என்று பார்த் வியந்ததை, செய்தவர்கள் பித்தான் வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கலைஞர்கள் பெயர் தெரியாதவர்களும் இல்லை: வடிவத்தைச் செதுக்கியவர் ஃப்ளமினியோ பெர்தோனி, சிற்பி, இயந்திரத்தை யோசித்தவர் ஆந்த்ரே லெஃபெவ்ர்.

இதை வெறும் தகவல் பிழை என்று தள்ளிவிடலாம். பார்த்தின் ரசிகர்கள், "அவர் காரைப் பத்தி எழுதலைப்பா, காரைப் பத்தின கற்பனையைப் பத்தித்தான் எழுதினார்" என்பார்கள். சரி. ஆனால் அந்தக் கட்டுரையிலேயே ஒரு திருப்பம் வருகிறது. கூட்டம் காரைத் தொட ஆரம்பிக்கிறது. கதவைத் தடவுகிறார்கள், மெத்தையைத் தட்டுகிறார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவதுபோல நடிக்கிறார்கள். கண் மாயத்தைக் கட்டும், தொடுதல் அதைக் கலைக்கும் என்பது பார்த்தின் வாதம். தொட்ட கணத்தில் தேவி கீழே இறங்கி நடுத்தர வர்க்கத்தின் உடைமையாகிவிடுகிறாள். அத்தோடு கட்டுரையும் முடிந்துவிடுகிறது.

என் சண்டை இந்த இடத்தில்தான். தொட்டால் மாயம் கலையும் என்பது முதல் நாள் தொடுதலுக்குப் பொருந்தும். பதினைந்தாயிரமாவது தடவை தொடும்போது?

பெரியப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருந்தது. மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்து, ட்ரையம்ஃப் நிறுவனம் 1959இல் இங்கிலாந்தில் வெளியிட்டு, 1961 முதல் நம்ம மதராஸில் தயாரான வண்டி. பெயர் தெரியாத கலைஞர்கள் என்று யாரையாவது சொல்லணும் என்றால் இங்கே கதவுக்குள் கை விட்டு ஸ்குரூ முடுக்கிய மதராஸ் தொழிலாளர்களைச் சொல்லலாம். பெரியப்பா போன பிறகு வண்டி ஷெட்டிலேயே கிடந்தது. எஞ்சினைப் பார்க்க ஆள் இருந்தார்கள். உள்ளே இருக்கும் சில்லறைச் சாமான்கள் என் தலையில் விழுந்தன: கண்ணாடி இறக்கும் கைப்பிடி, கதவுப் பிடி, சோக் குமிழ், வெயில் மறைப்பு, உரிந்து தொங்கிய ரெக்சின்.

ஹெரால்டின் கைப்பிடியில் ஸ்குரூவே கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு வட்டத் தட்டு, அதன் பின்னால் ஸ்பிரிங். பட்டறை அண்ணன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். "தம்பி, தட்டை உள்ள அமுக்கு. அமுக்கிப் புடி. கழுத்துல பின்னு தெரியுதா? அதைத் தட்டி அந்தப் பக்கம் தள்ளு." அமுக்க ஒரு கை, பின்னைத் தள்ள ஒரு கை, விழுகிற பின்னைப் பிடிக்க இன்னொரு கை. கம்பெனி பின்னுக்குப் பதில் அங்கே வெட்டிய ஆணித்துண்டு ஒன்று இருந்தது. எந்த வருஷமோ பெரியப்பா செய்த வேலை. ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடியின் நுனிக் குமிழும் கம்பெனிச் சாமான் இல்லை. கடைசல் பட்டறையில் கொடுத்து ஈட்டிக் கட்டையில் செய்து வாங்கியிருந்தார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, கட்டைவிரல் படுகிற இடத்தில் லேசாகக் குழிந்திருந்தது.

இங்கே ராபர்ட் பெர்சிக்கைக் கூப்பிடாமல் முடியாது. 1974இல் வந்த 'ஜென்னும் மோட்டார்சைக்கிள் பராமரிப்புக் கலையும்' நாவலில், நண்பர் ஜானின் பிஎம்டபிள்யூ பைக்கில் ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் டப்பாவை வெட்டி அந்தத் தகட்டுத்துண்டை இடுக்கில் சொருகினால் போதும் என்கிறார் கதைசொல்லி. துருப்பிடிக்காது, மிருதுவானது, கச்சிதமான பொருள். ஜானுக்கோ அருவருப்பு. விலையுயர்ந்த ஜெர்மன் வண்டியில் பீர் டப்பாவா? இதிலிருந்து பெர்சிக் உலகத்தையே இரண்டாகப் பிரிக்கிறார். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பவர்கள் ஒரு பக்கம், அது என்னவாகத் தோன்றுகிறது என்று பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம். பழுதுபார்க்கிற எல்லோரும் முதல் பக்கம் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்த உதாரணம் பெர்சிக்குக்கு ரொம்ப வசதியானது. தகட்டுத்துண்டு இடுக்குக்குள் மறைந்துவிடும். யார் கையும் அதில் படாது. காரின் உள்பக்கச் சாமான்களை வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், பிரிக்க முடியாது. குமிழ் என்பதே கைக்காகச் செய்தது. அது வழவழப்பாக இருப்பது அழகா, வேலையா? இரண்டும்தான். ஆணித்துண்டு பெர்சிக்கின் கட்சி. ஈட்டிக் குமிழ் எந்தக் கட்சியும் இல்லை.

வீட்டில் இதற்காக ஒரு பஞ்சாயத்தே நடந்தது. அண்ணன் வண்டியைப் பழைய கார் அணிவகுப்புக்கு அனுப்ப நினைத்தார். அசல் சாமான் இல்லையென்றால் மதிப்பெண் குறையும் என்று இங்கிலாந்திலிருந்து புதிதாகச் செய்த குமிழ் ஒன்றை வரவழைத்திருந்தார். பளபளவென்று இருந்தது. அக்கா அதைக் கையிலேயே வாங்கவில்லை. "அப்பா கை பட்டு பட்டு குழிஞ்சிருக்கு பாரு. இதைக் கழட்டி எறிஞ்சுட்டு போன மாசம் செஞ்சதை மாட்டி, அதுக்கு அசல்னு பேரா?"

அக்கா பார்த்தை வாசித்ததில்லை. ஆனாலும் அவர் விட்ட இடத்தில் தொடங்கிவிட்டார். பார்த்துக்குத் தொடுதல் என்பது மாயம் முடியும் இடம். அக்காவுக்கு அது மாயம் உண்டாகும் இடம். கண்காட்சியில் ஒருநாள் தடவியது வர்க்கத்தின் ஆசை. அதை ஏளனம் செய்வது சுலபம், பார்த் அழகாகவே செய்கிறார். இருபத்தைந்து வருஷம் ஒரே கட்டைவிரல் ஒரே குமிழைத் தடவியதற்கு அந்தக் கட்டுரையில் சொல் கிடையாது. அவருடைய பொருட்களுக்கு வயதே ஆவதில்லை. புதுசாக வரும், பார்க்கப்படும், விழுங்கப்படும். பழுதாவது, ஒட்டுப்போடுவது எதுவும் நடக்காது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பார்த் என்னைத் தோற்கடிக்கிறார். டிஎஸ்ஸின் டேஷ்போர்டு தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறையைவிட நவீன சமையலறையின் மேடையைத்தான் நினைவூட்டுகிறது என்கிறார். கொஞ்சம் இளக்காரமாகச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். வேகத்தின் வீரம் போய் வீட்டுச் சௌகரியம் வந்துவிட்டது என்ற தொனி. ஆனால் உவமை அபாரம். அம்மா இருட்டில் கடுகு டப்பாவை எடுப்பதுபோல பெரியப்பா விடியற்காலையில் விளக்குப் போடாமல் சோக் குமிழை இழுப்பார். கை தானாகப் போகும்.

இப்போது கதவில் இருப்பது ஈட்டிக் குமிழ்தான். பின்னை மட்டும் புதிய எஃகில் வெட்டிப் போட்டேன். ஆணித்துண்டு துருவேறி, அடுத்த மழைக்குத் தாங்காது போலிருந்தது. அக்கா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.