நோனா பிடித்த சுவர்

தெற்குக் கொல்கத்தாவின் கரியாஹாட் சந்திப்பிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் இன்னும் அந்தப் பழைய வீடுகள் நிற்கின்றன. கருப்புக் கரை போட்ட சிவப்புத் தரை, பச்சைச் சட்டம் அடித்த மரச் சன்னல், வளைந்த பால்கனி. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிறந்த கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் ராஸ்பிஹாரி அவென்யூவை அமைத்த பிறகு இப்பகுதியில் எழுந்தவை அவை. கங்கையின் வண்டல் நிலத்தில் பாறை இல்லை. சுட்ட மண்ணே இந்த ஊரின் கல். பழைய சுவர்கள் பலவற்றில் செங்கல்லைப் பிணைத்திருப்பது சுண்ணாம்பும், சுர்க்கி என்னும் செங்கல் தூளும் கலந்த காரை.

மழை ஓய்ந்ததும் சுவரடியில் வெள்ளைப் பொடி பூக்கும். வங்காளிகள் இதை 'நோனா' பிடித்தது என்பார்கள். உப்புப் பூத்திருக்கிறது, ஓதம் ஏறியிருக்கிறது என்போம் நாம். வீட்டுக்காரர் ராஜ்மிஸ்திரி என்கிற கொத்தனாரைக் கூப்பிடுகிறார். அவர் உதிர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசுகிறார். சுவர் புதிதாகத் தெரிகிறது. ஓரிரண்டு மழைக்காலம் போனதும் அந்தப் பூச்சுக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த இடத்தில், ஓதம் தலைகாட்டுகிறது.

காரணம் எளிது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாக வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் மேலும் மேலும் ஏறும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லையே பொடியாக்கும். இணைப்புக் காரை செங்கல்லைவிட மென்மையானதாக இருக்க வேண்டும் என்பது பழைய கொத்தனார்களின் விதி. காரை உதிர்ந்தால் மறுபடி நிரப்பலாம். செங்கல் உதிர்ந்தால் சுவரே போய்விடும்.

அப்படியானால் குற்றம் மிஸ்திரியுடையதா? அவர் எப்படிக் கற்றார் என்று பார்க்க வேண்டும். முர்ஷிதாபாத்திலிருந்தோ மால்டாவிலிருந்தோ இளவயதில் வந்து, கலவை சுமக்கும் 'ஜோகாடே'யாகச் சேர்கிறார். நம்மூரில் சித்தாள் செய்யும் வேலை அது. வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஒருநாள் கரண்டியைக் கையில் வாங்குகிறார். இந்த முறையை நான் மதிக்கிறேன். கலவையின் பதத்தை எந்தப் பாடநூலும் கைக்குச் சொல்லித்தராது. கரண்டிக் காம்பால் பூச்சைத் தட்டி, உள்ளே பொள்ளலா இல்லையா என்று ஒலியிலேயே அறிகிற காது தளத்தில்தான் பழகும். கூலி பெற்றுக்கொண்டே கற்க முடிகிற வழி ஏழை வீட்டுப் பையனுக்கு வேறு எது இருக்கிறது?

ஆனால் இந்தச் சங்கிலியில் குருவுக்குத் தெரிந்ததற்கு மேல் சீடனுக்குக் கிடைக்காது. குருவே சிமெண்டில் வளர்ந்தவர். சுர்க்கி அரைத்த கைகள் ஒரு தலைமுறைக்கு முன்பே ஓய்ந்துவிட்டன. மிஸ்திரிக்கு வேகம் கைவந்தது. சுவரின் நோயைக் கண்டறிய யாரும் சொல்லித்தரவில்லை. ஈரம் தரையிலிருந்து ஏறுகிறதா, மொட்டை மாடிக் குழாயிலிருந்து இறங்குகிறதா என்று பார்க்க அவருக்கு யாரும் நேரமும் தருவதில்லை, அதற்குக் கூலியும் தருவதில்லை. இந்த முறையில் இன்னொரு பெரிய அநீதியும் உண்டு: சென்னையிலும் கொல்கத்தாவிலும் கல்லும் மண்ணும் சுமக்கும் பெண்களின் கைக்குக் கரண்டி வருவது அரிது.

ஐ.டி.ஐ.களில் கொத்து வேலைக்கு ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. தூக்குக்குண்டு, ரசமட்டம், வரைபடம் படிப்பது எல்லாம் முறையாகக் கற்கலாம். அதன் நாட்டம் புதுக் கட்டடத்தின் பக்கம். ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் அரசுத் திட்டம் தொழிலாளிக்கு மரியாதை தருவது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தவறான பழக்கத்துக்கும் அதே முத்திரை விழுந்துவிடக்கூடும்.

மாற்று வழி நம் கண்முன்னே நடந்திருக்கிறது. 2012இல் தீயில் சிதைந்த சேப்பாக்கம் கலச மஹாலைத் தமிழகப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்த காரையால் மீட்டது. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். பொறுமையும், மழையில்லாத மாதங்களும், கூடுதல் கூலியும் கேட்கும். நடுத்தர வர்க்க வீட்டுக்கு அது சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே சுவரைக் கொத்திப் பூசும் செலவையும் கணக்கில் எழுத வேண்டும்.

தெற்குக் கொல்கத்தாவின் இத்தகைய வீடுகளைக் காக்க எழுத்தாளர் அமித் சௌதுரி 2015இல் இயக்கம் தொடங்கினார். வீட்டை இடிக்காமல் காத்துவிட்டாலும் சுவரைத் தொடப்போவது மிஸ்திரியின் கைதான். பயிற்சி நிலையங்கள் ஒரு பழைய சுவரையே வகுப்பறையாக்கட்டும். பொடிந்த இணைப்பை அதன் அகலத்தைப் போல இருமடங்கு ஆழம் சுரண்டி, நனைத்து, சுண்ணாம்புக் காரை திணிக்க அங்கே கற்றுத்தரட்டும். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சிமெண்ட் மூட்டை வாங்க ஆள் அனுப்புவதற்கு முன், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட உங்கள் மிஸ்திரிக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள்.